தனியாகக் காய்த்த கொடி

அத்தியாயம் 7

“மறுபடி போடு.”

“மேடம், எங்க அம்மா சர்ச் பாட்டைக்கூட இத்தனை தடவை போட்டதில்ல.”

“போடுன்னா போடேன்டா.”

பத்ரி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தட்டினான். திபிலிசியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் காதுக்குள் குடியிருக்கும் அந்தக் குரல் காரை மறுபடியும் நிறைத்தது.

“வணக்கம், நான் குராம். இன்னைக்கு என் கோப்பையில தவ்க்வேரி. பேர் தெரியாத திராட்சைங்க வரிசையில இவளுக்கு என் மனசுல தனி இடம். நிறம் வெளிர்ச் சிவப்பு. மூக்குல காட்டு ரோஜா, புளிச்ச செர்ரி. நுக்ஸாரோட தோட்டத்துல இவளைத் தவிர வேற ஒரு கொடி கிடையாது. சுத்துச் சுவருக்குள்ள தன்னந்தனியா நின்னு, கொத்துக் கொத்தாக் காய்ச்சுக் குலுங்குறா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு.”

அவ்வளவுதான். இன்று காலை குராமின் இணையப் பக்கத்தில் ஏறிய விமர்சனம் அது. அதைக் கேட்டு நாடு முழுக்க ஒயின் குடிக்கிறவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ஊரெல்லாம் சபெராவி, ர்காத்சிதெலி என்று நாலைந்து பெரிய பெயர்களையே கட்டிக்கொண்டு அழுதபோது, வேலியோரத்தில் மறந்துபோன திராட்சைகளைத் தேடித் தேடிக் குடித்து எழுதியவர் குராம். அவர் நல்லது என்று சொன்னால் அந்த ஒயின் கடல் கடந்து போகும். உதட்டைப் பிதுக்கினால் செய்தவன் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் அந்த மனிதரை மூன்று நாளாகக் காணவில்லை. அவருடைய கார் காஸ்பி ரயில் நிலையத்து வாசலில் அனாதையாக நின்றது. அவர் மனைவி லாலி, போலீஸை நம்பாமல், தனியார் துப்பறிவாளரான ருசுதானின் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அதே லாலி இன்று காலை போன் செய்து, குரலில் ஈரமே இல்லாமல் பேசினாள்.

“தேட வேண்டாம் மேடம். உயிரோடதான் இருக்காரு. ஒயின் குடிச்சுட்டு வர்ணிக்கிற அளவுக்கு நல்லாத்தான் இருக்காரு. எவளோடயோ போயிட்டாரு. போகட்டும்.”

ருசுதான் “சரிம்மா” என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கையோடு, “வண்டிய எடு” என்றாள் பத்ரியிடம்.

“கேஸ் கொடுத்தவங்களே வேண்டாம்னுட்டாங்க. நாம எதுக்கு மேடம் இந்தப் பனியில?” என்றான் பத்ரி இப்போது. கார் பெரிய சாலையை விட்டு நகாலெவி கிராமத்துக்கான மண்பாதையில் இறங்கியிருந்தது. அக்டோபர் கடைசி. மதியம் தாண்டியதுமே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, சாலையோரத்துப் பாப்லர் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

“உங்க ஊர்ல திராட்சைக் கொடி உண்டா?”

“போத்தியில கப்பல் உண்டு. மீன் உண்டு. கொடின்னா துணி காயப்போடுற கொடிதான்.”

“அதான் உனக்கு உறைக்கல. தவ்க்வேரி பொம்பளைக் கொடிடா. அதோட பூவுல இருக்கற மகரந்தம் எதுக்கும் உதவாது. பக்கத்துல வேற இனத்துக் கொடி நின்னு, அதோட மகரந்தம் காத்துல வந்தாத்தான் காய் பிடிக்கும். தனியா நட்டு வெச்சா பூக்கும், உதிரும், அவ்வளவுதான்.”

பத்ரி சாலையை மறந்து அவளைப் பார்த்தான். “அப்போ, தன்னந்தனியா நின்னு கொத்துக் கொத்தா...”

“காய்க்கவே காய்க்காது. குராமுக்கு அது தெரியாதுன்னு சொன்னா, உனக்கு மீன் நாறும்னு தெரியாதுன்னு சொல்ற மாதிரி. அந்த மனுஷன் வேணும்னேதான் சொல்லியிருக்காரு. வாங்கிக் குடிக்கிறவனுக்குப் புரியாது. கொடி வளர்க்கிற எவனாவது கேட்டா, ‘இவர் ஏன் இப்படி உளர்றாரு’ன்னு நிமிர்ந்து உக்காருவான்.”

“அப்போ தோட்டத்துச் சொந்தக்காரன் நுக்ஸாருக்கு ஏன் உறைக்கல?”

“அவன் நேத்து வரைக்கும் ருஸ்தாவியில பழைய கார் வித்தவன். அப்பன் செத்ததும் ஊருக்கு வந்து, சுவர் கட்டி, லேபிள் அச்சடிச்சான். ‘வேறு கொடி கலவாத தோட்டம்’னு லேபிள்ல அவனே பெருமையாப் போட்டிருக்கான். அதையே குராம் திருப்பிச் சொன்னதும் அவனுக்குக் குளிர்ந்துபோயிருக்கும்.”

“கல்யாணம் ஆகாமலே புள்ளை பெத்த கொடி” என்று சிரித்தான் பத்ரி. “பாதிரியார் கேட்டா விட மாட்டாரு.”

ருசுதான் சிரிக்கவில்லை. “குரலைக் கவனிச்சியா? குடத்துக்குள்ள வாயை வெச்சுப் பேசுற மாதிரி ஒரு முழக்கம் கூடவே வருது.”

பத்ரியின் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த நாட்டில் ஒயின் ஊறுவது மண்ணுக்குள் கழுத்து வரை புதைத்த பெரிய தாழிகளில். ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவுகிற அளவுக்குப் பெரிய தாழிகள் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்குள் மனிதன் உட்கார்ந்து பேசினால் எப்படி ஒலிக்கும் என்று பத்ரி நினைத்துப் பார்த்தான்.

“எதுக்கு மேடம் உயிரோட வெச்சிருக்கணும்?”

“இந்தக் குரலுக்காகத்தான். அது கிடைச்சாச்சு. இனிமே அவர் எதுக்கு? அதான் சொல்றேன், கொஞ்சம் அழுத்து.”

பத்ரி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ருசுதான் நுக்ஸாரின் எண்ணைச் சுழற்றி, தவ்க்வேரியை ருசி பார்க்க விருந்தாளிகளாக வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். விருந்தாளி என்று சொன்ன பிறகு கதவைச் சாத்துகிற ஆள் இந்த மண்ணில் இன்னும் பிறக்கவில்லை. நுக்ஸாரும் சாத்தவில்லை. “அரை மணி குடுங்கக்கா, மேசை போட்டுடறேன்” என்றான்.

* * *

மேசையை முற்றத்தில் போட்டிருந்தான். பழுத்த இலைகளைச் சொட்டிக்கொண்டிருந்த அக்ரூட் மரத்தடியில், தரையில் ஒரு கனத்த கம்பளத்தை விரித்து, அதன்மேல் நீளமான மர மேசை. பக்கத்தில் ஒரு கணப்புச் சட்டி. பனி மூட்டத்தில் வீடே பாதிதான் தெரிந்தது.

“வாங்கக்கா! வாங்க தம்பி! நம்ம வீடு, உங்க வீடு.” நுக்ஸார் பெரிய ஆள். பெரிய கை, பெரிய சிரிப்பு. கன்னத்தில் முத்தமிட்டபோது பத்ரியின் விலா எலும்பு முனகியது.

“அண்ணே, உள்ள உக்காரலாமே. என் பல்லு தனியாத் தாளம் போடுது.”

“உள்ள ஒரே நொதிக்கிற வாடை தம்பி. விருந்தாளிய அதுக்குள்ளயா உக்கார வைக்கிறது? ரெண்டு கோப்பை உள்ள போனா குளிர் எங்கன்னு கேப்பீங்க.”

“எனக்குப் போகாதே. நான் வண்டி ஓட்டணும்.”

நுக்ஸார் அவனை இழவு வீட்டில் துக்கம் கேட்கிறவன் மாதிரி பார்த்தான். “அப்போ பாடவாவது பாடு.”

அவன் மனைவி எதெரி வந்தாள், போனாள், மறுபடி வந்தாள். சீஸ் ரொட்டி, அக்ரூட் அரைத்துப் பூசிய கத்திரிக்காய், கொடிக் குச்சியில் சுட்ட பன்றி இறைச்சி, மாதுளை. தட்டுக்கு மேல் தட்டு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டை வைக்கும்போதும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ‘சாப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை இல்லை. பத்ரிக்கு அது உறுத்தியது. பன்றிக்கறி அந்த உறுத்தலை அப்போதைக்கு மறக்கடித்தது. வயிறு என்ற ஒன்று இருக்கிறதே, அதற்கு இடம், பொருள், ஏவல் எதுவும் தெரியாது.

நுக்ஸார் சீசாவைத் திறந்து ஊற்றினான். ருசுதான் கோப்பையைக் கணப்பு வெளிச்சத்தின் பக்கம் சாய்த்தாள். மோந்தாள். ஒரு வாய் எடுத்து, நாக்கின் இரு பக்கமும் புரட்டி, மெதுவாக விழுங்கினாள். கை தவறியதுபோல வெள்ளை மேசைவிரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கிற சாக்கில் அதை விரலால் தேய்த்தாள். கத்திரிப்பூ நிறத்தில், மை கொட்டியதுபோல ஊறி நின்றது கறை.

“எப்படிக்கா?”

“வாயை விட்டுப் போகவே மாட்டேங்குது” என்றாள் ருசுதான். பத்ரிக்கு அவளைத் தெரியும். பிடித்த ஒயினை அவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

“குராம் சாரும் அப்படித்தான் சொன்னாரு. வந்தாரு, குடிச்சாரு, என்னைக் கட்டிப் பிடிச்சாரு, போயிட்டாரு. இன்னைக்குக் காலைல பாத்தா, தொண்ணூத்தாறு! நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க சரக்கு வாங்கக் கையெழுத்துப் போட வர்றாங்க. எல்லாம் அந்தப் புண்ணியவான் வாய் முகூர்த்தம்.”

“எங்க போறேன்னு சொன்னாரா?”

“ரயிலைப் பிடிக்கணும்னாரு. ஆம்பளைங்க எங்க போறோம்னு ஆம்பளைங்ககிட்ட சொல்வாங்களாக்கா?” கண்ணடித்தான்.

பிறகு வாழ்த்துகள் ஆரம்பித்தன. விருந்தின் தலைவன் அவன்தான். அவன் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் கோப்பையைத் தொட முடியாது. அமைதிக்கு ஒரு வாழ்த்து, மண்ணுக்கு ஒரு வாழ்த்து, பெற்றவர்களுக்கு ஒன்று. ருசுதான் தன் கோப்பையை உயர்த்தி, “குராமுக்கும் ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “எங்க இருந்தாலும் அவர் மூச்சு நீளமா இருக்கட்டும்!” என்று முழுக் கோப்பையையும் கவிழ்த்தான். வீட்டுப் பக்கம் ஒரு தட்டு விழுந்து நொறுங்கியது. எதெரி குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

“பாடு தம்பி, இப்பப் பாடு! நீ அடிக்குரல் எடு.”

பத்ரிக்கு அடிக்குரல் என்றால் உயிர். போத்தி சர்ச்சில் அவன் நின்றால் மெழுகுவர்த்திச் சுடர் ஆடும் என்று சொல்லிக்கொள்வான். குடிக்க முடியாத வயிற்றெரிச்சலை எல்லாம் சேர்த்து இழுத்துப் பிடித்தான். நுக்ஸார் மேல்குரலில் ஏற, பத்ரி கீழே பாறை மாதிரி நின்றான். தாளத்துக்கு மேசையை உள்ளங்கையால் தொம், தொம் என்று தட்டினான். மேசையும் அவன் கைக்கு அடியில் லேசாக அதிர்ந்தது. தன் குரலில் மரமே அதிர்கிறதே என்று அவனுக்கு ஒரே பெருமை.

“பலமா தம்பி, பலமா! நிறுத்தாத!” என்றான் நுக்ஸார். ஒவ்வொரு வாழ்த்துக்கும் பிறகு ஒரு பாட்டு. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த வாழ்த்து. பேச்சுக்கு இடமே விடவில்லை. ருசுதான் எழுந்து நின்றபோதுதான் அவன் வாய் ஓய்ந்தது.

“தாழிங்களைப் பாக்கலாமா?”

* * *

கொட்டகையில் ஒயின் கொதிக்கிற சத்தம். தரை மட்டத்தில் வரிசையாகத் தாழிகளின் வாய்கள். உள்ளே திராட்சைத் தோல் நுரைத்துப் பொங்கி, சோற்று உலை மாதிரி தளதளத்தது. புளித்த காற்று மூச்சை அடைத்தது. இந்த மாதத்தில் எந்தத் தாழியையும் மூட மாட்டார்கள். மூடினால் பொங்கித் தள்ளிவிடும்.

ஒன்றைத் தவிர. மூலையில் ஒரு தாழி மூடிக் கிடந்தது. கல்மூடியைச் சுற்றி அப்பிய களிமண் இன்னும் ஈரமாகப் பளபளத்தது.

பத்ரி ருசுதானின் கையைப் பற்றினான். “மேடம்.”

“பாத்துட்டேன்.”

“அது என்ன அண்ணே, அது மட்டும் மூடியிருக்கு?” என்றான் பத்ரி. குரலில் விளையாட்டு போயிருந்தது.

நுக்ஸாரின் முகம் இறுகியது. “அது என் மகன் ஸாஸாவோட தாழி. பன்னெண்டு வருஷம் முன்னாடி, அவன் பிறந்த அன்னைக்கு எங்கப்பா ஊத்தி மூடினது. அவன் கல்யாணத்துக்குத்தான் திறக்கணும்.”

“அன்னைக்கு மூடினதுக்கு இன்னைக்கு எப்படிக் களிமண் ஈரமா இருக்கு?”

“வெடிப்பு விட்டுச்சு. காலைலதான் பூசினேன்.”

தாழிகள் மட்டும் தளதளவென்று பேசிக்கொண்டிருந்தன. நுக்ஸார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான்.

“சந்தேகம்னா திறந்து பாத்துக்கோங்க. எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

கடப்பாரையை அவனே கொண்டுவந்தான். களிமண்ணைக் கொத்தி, கல்லை அவனே நெம்பினான். பத்ரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜெபம் முணுமுணுத்துவிட்டு எட்டிப் பார்த்தான். விளிம்பு வரை ஒயின். கழுவுகிற நீளக் கழியை இறக்கி அடிவரை துழாவினான். கழி அடித்தரையில் தட்டியது. மூலைமுடுக்கெல்லாம் தேடியும் ஒயினைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒரு பையனின் கல்யாணத் தாழியை, அவன் அப்பன் கண்முன்னாலேயே திறக்க வைத்தாயிற்று. பத்ரிக்கு அந்தத் தாழிக்குள்ளேயே குதித்துவிடலாம் போல் இருந்தது. ருசுதான் அகப்பையில் ஒரு வாய் மொண்டு குடித்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள்.

“தப்பா நெனச்சுட்டோம். மன்னிச்சுடுங்க நுக்ஸார்.”

“விடுங்கக்கா. மனுஷன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான்” என்றான் அவன் பெருந்தன்மையாக. வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

* * *

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பத்ரி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

“மானம் போச்சு மேடம். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பாலயே அடிப்பா. அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிடற ஆளு.”

“வண்டிய எடுக்காத.”

“ம்?”

“உன் மகன் தாழியைத் திறக்கணும்னு எவனோ ஒருத்தன் வந்து நின்னா நீ என்ன பண்ணுவ?”

“கடப்பாரையாலயே அவன் மண்டையை...” பத்ரி நிறுத்தினான். தலையை மெதுவாக நிமிர்த்தினான்.

“சொல்லு.”

“நாட்டுல எந்த அப்பனும் விட மாட்டான் மேடம். போலீஸ் துப்பாக்கிய நீட்டினாக்கூட மேல படுத்துக்குவான்.”

“இவன் கடப்பாரையை அவனே கொண்டுவந்து குடுத்தான். நான் குடிச்சது போன வருஷத்து ஒயின்டா. பாலு மறக்காத குழந்தை. அதுவும் தவ்க்வேரி இல்ல. சபெராவி. சதை வரைக்கும் சிவந்திருக்கற திராட்சை அது, அதான் விரிப்புல மை மாதிரி ஊறுச்சு. சீசாவுல இருக்கறதும் அதே சரக்குதான். குராம் ஒரு வாய் வெச்சதுமே கண்டுபிடிச்சிருப்பாரு. அதான் அவர் திரும்பிப் போகல.”

“அப்போ அந்தத் தாழி?”

“நம்ம கண்ணு அங்க போகணும்னே ஈரக் களிமண்ணு பூசினான். நாமளே கேட்டு, நாமளே திறந்து, வெக்கப்பட்டு ஓடணும். ஓடிவந்து உக்காந்திருக்கோம் பாரு.” ருசுதான் பனிக்குள் பார்த்தாள். “வீட்டுல மகன் இருக்கான். மகன் இருந்தா அவனுக்குன்னு ஒரு தாழி இருந்தே ஆகணும். கொட்டகையில இருக்கறது அது இல்ல. நிஜத் தாழி எங்க? அதைக் காலி பண்ணித்தான் ஆளை இறக்கியிருக்கான்.”

பத்ரிக்குப் பதில் தெரிந்துவிட்டது. பல் கிட்டுகிற குளிரில் முற்றத்தில் போட்ட மேசையும், வெற்று மண்தரையில் விரித்த கனத்த கம்பளமும் அவன் கண்முன் வந்து நின்றன.

“அக்கா” என்றான். பயம் வந்தால் அவனுக்கு மேடம் அக்காவாகிவிடுவாள். “நாம அவர் தலை மேல உக்காந்து சாப்பிட்டோமா?”

ருசுதான் ஏற்கெனவே கதவைத் திறந்து இறங்கியிருந்தாள்.

* * *

நுக்ஸார் மேசையருகே தனியாக நின்றான். அவர்கள் பனிக்குள்ளிருந்து திரும்பி வருவதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு முகத்துக்கு வர ரொம்ப நேரமானது.

“என்னக்கா, ஏதாவது விட்டுட்டீங்களா?”

“கடைசி வாழ்த்தை விட்டுட்டோம். புனிதர்களுக்குச் சொல்ற வாழ்த்து. அது இல்லாம மேசையை முடிக்கலாமா? என்ன தலைவர் நீங்க?”

இதற்கு அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவன் விருந்தோம்பியே இல்லை. சீசாவை எடுத்தான். கோப்பையில் ஊற்றும்போது சீசாவின் கழுத்து விளிம்பில் கிடுகிடுத்தது.

“மேசை ஆடுது போல” என்றாள் ருசுதான். “பத்ரி, கொஞ்சம் நகர்த்தி வை.”

பத்ரி நகர்த்தவில்லை. தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகக் கவிழ்த்தான். தட்டும் கோப்பையும் மாதுளையும் நாலாபக்கமும் சிதறின. கம்பளத்தைப் பிடித்து இழுத்தான். கீழே புது மண். மண்ணைக் காலால் தள்ளியதும் வட்டமான கல்லின் விளிம்பு தெரிந்தது.

நுக்ஸார் மரத்தடியில் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கிவிட்டான். தூக்கிய கை அப்படியே நின்றது. ருசுதானின் கைப்பைக்குள்ளிருந்து அவன் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி எட்டிப் பார்த்தது. அந்தப் பையில் தைல டப்பா மட்டும்தான் இருக்கிறது என்று பத்ரி இத்தனை நாள் நம்பியிருந்தான்.

“கீழ போடு நுக்ஸார்.”

அவன் போடவில்லை. சுடட்டும் என்று நிற்கிறானா, அடிக்கப் போகிறானா என்று தெரியவில்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து எதெரி வந்தாள். நேராகக் கணவனிடம் போய், குழந்தையிடமிருந்து கத்தியைப் பிடுங்குவதுபோல அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடப்பாரையை வாங்கினாள். பத்ரியின் கையில் கொடுத்தாள்.

“காலைலேர்ந்து மூடியிருக்கு தம்பி. மேசை போடுற வரைக்கும் முனகல் கேட்டுச்சு. சீக்கிரம்.”

“நான் யாரையும் கொல்லல” என்றான் நுக்ஸார். “மூடியைத்தான் வெச்சேன்.”

பத்ரி நெம்பினான். கல் அசைந்தது, புரண்டது. உள்ளேயிருந்து சூடான, செத்த காற்று முகத்தில் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் அடியில் ஒரு நரைத்த தலை முழங்காலில் கவிழ்ந்து கிடந்தது.

“குராம் சார்!”

தாழி அவன் குரலையே திருப்பித் தந்தது. வேறொன்றும் வரவில்லை. பத்ரி கயிறு வரும்வரை காத்திருக்கவில்லை. உள்ளே குதித்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்க, மேலேயிருந்து ருசுதான் ஒரு கையையும் எதெரி ஒரு கையையும் பிடித்து இழுக்க, குராம் ஈர இலைகளின்மேல் வந்து விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நகங்கள் பிய்ந்திருந்தன. ருசுதான் அவர் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு அறை. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது அவர் மார்பு ஒரு தரம் விம்மி, காற்றை விழுங்கி, இருமியது. பத்ரி தாழிக்குள் நின்றபடியே வாய்விட்டு அழுதான்.

ருசுதான் ஒரு கையில் துப்பாக்கியோடு, மறு கையால் போலீஸுக்குப் பேசினாள். அடுத்து லாலிக்குப் பேசினாள்.

“லாலி, அவர் யார்கூடவும் ஓடிப் போகல. உனக்குச் சொல்லத்தான் போன் பண்ணேன்.” போனைக் குராமின் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் சொல் எதுவுமில்லாமல் அழுகிற சத்தம் முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது. குராம் பேச முடியாமல் அந்த அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்ரி மேலே ஏறி வந்து, தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான். தண்ணீர் கொடுத்தான். இரண்டு வாய் உள்ளே போனதும் அவர் பேச ஆரம்பித்தார். முனகலாகத்தான் வந்தது.

“மேல ஆளுங்க வந்தது தெரிஞ்சுது. நாற்காலி இழுத்தாங்க. நான் செருப்பைக் கழட்டித் தட்டினேன். தட்டினா, மேலேர்ந்து பதிலுக்குத் தட்டினாங்க. தொம், தொம்னு. நான் தட்டத் தட்டப் பதில் வந்துச்சு. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல அழுதுட்டேன்.”

பத்ரி தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

“அப்புறம் பாட்டுச் சத்தம். கத்திப் பாத்தேன். அடிக்குரல் ஒண்ணு இருந்துச்சு, அதைத் தாண்டி என்னால கத்த முடியல.”

ருசுதான் பத்ரியைப் பார்த்தாள். அவன் குராமின் பக்கத்தில் மண்ணில் மண்டியிட்டான்.

“அது நான்தான் சார். தட்டினதும் நான்தான்.”

குராம் கண்ணைத் திறந்து அவனை வெகுநேரம் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எதை ருசித்தாலும் தீர்ப்புச் சொல்லியே பழகிய மனிதர்.

“நல்ல குரல்” என்றார்.

பத்ரியை இதற்கு முன் எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டை மட்டும் அவனால் நிமிர்ந்து வாங்கிக்கொள்ள முடியவில்லை.